பாஹின் ஊரிலிருந்து பிராக் வரை: ஓர் அக்டோபர் நாட்குறிப்பு

அக்டோபர் 9, வியாழன், லைப்சிக்

ரயில் நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததுமே சாரல். எதிரே இருந்த மருந்துக்கடைப் பலகை 11 டிகிரி என்றது. பெட்டியை இழுத்துக்கொண்டு டிராம் தண்டவாளங்களைக் கடந்து விடுதிக்குள் நுழைந்தபோது கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. வரவேற்பில் இருந்த இளைஞர் அறைச் சாவியோடு சிறிய வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றையும் மேசைமேல் வைத்தார். "இன்று ஒன்பதாம் தேதி. மாலையில் சதுக்கத்துக்குப் போங்கள்" என்றார்.

நான் இங்கு வந்தது இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாஹுக்காக. சில ஆண்டுகளாக இரவில் அவருடைய கண்டாட்டாக்களை (குரலும் கருவிகளும் சேரும் இசைப்படைப்புகள்) கேட்பது வழக்கமாகிவிட்டது. பாஹைப் பற்றிப் படிக்கப் போய் அடுத்த நூற்றாண்டின் இசையமைப்பாளர் மெண்டல்ஸன், மெண்டல்ஸனைப் படிக்கப் போய் ஜெர்மானிய வரலாறு என்று ஒன்று இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. 1723 முதல் 1750இல் கண்மூடும்வரை பாஹ் வேலை பார்த்த ஊர் இது. அக்டோபர் 9 இந்த ஊருக்கு என்ன நாள் என்பதைப் படித்திருக்கிறேன். ஆனால் ஊரே அதை இன்றும் இப்படிக் கையில் ஏந்தி நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

மாலை ஐந்து மணி ஜெபத்துக்கு நிக்கோலாய் தேவாலய வாசலில் நீண்ட வரிசை. உள்ளே வெள்ளைத் தூண்கள் உச்சிக்குப் போகப் போக இளம்பச்சை ஓலைகளாக விரிகின்றன. இயேசுவின் துன்பங்களைப் பாடும் பாஹின் இசைப்படைப்பு, யோவான் திருப்பாடுகள், 1724ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று முதன்முதலில் ஒலித்தது இந்தக் கூரையின்கீழ்தான். இந்த ஊர் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் இருந்த 1980களில் திங்கள்தோறும் சமாதான ஜெபம் நடந்ததும் இங்கேதான். 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களோடு ஊர் மக்கள் சேர, சுமார் 70,000 பேர் ஆட்சியை எதிர்த்து நகரின் வட்டச்சாலையில் நடந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடக்கும் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து பெர்லின் சுவர் திறந்தது.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்மணி அறுபதை நெருங்குபவர். தன் குடையைப் பாதி என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அன்று அவருக்கு இருபத்துமூன்று வயதாம். மருத்துவமனையில் வேலை. "கூடுதல் ரத்தம் தயாராக வைக்கச் சொல்லியிருந்தார்கள். எதற்கென்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா வாசலில் குறுக்கே நின்றார்கள். நான் அடுக்களைச் சன்னல் வழியாக இறங்கிப் போனேன்" என்றார். அந்த ஆலயத்தின் போதகராக இருந்த கிறிஸ்தியான் ஃப்யூரர் சொல்லிவந்த ஒன்றையும் நினைவுபடுத்தினார். மெழுகுவர்த்தி ஏந்துகிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று காற்றை மறைக்க. கல்லெடுக்கக் கை மிஞ்சாது.

அன்றிரவு அமைதி காக்கச் சொல்லி ஒலிபெருக்கிகளில் ஒலித்த அறிக்கையை வாசித்தவர் குர்ட் மாசூர். கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் நடத்துநர். அந்தக் குரலை ஊர் நம்பியது. ஓர் இசைக்குழு நடத்துநருக்கு ஒரு நகரம் அப்படிக் காது கொடுத்தது என்பதை எத்தனை முறை படித்திருந்தாலும், அவருடைய அரங்கம் நிற்கும் அதே சதுக்கத்தில், மெழுகுவர்த்திகளால் ‘89’ என்று எழுதியிருந்த தரையருகே நின்று யோசித்தபோதுதான் அதன் கனம் உறைத்தது.

இரவுச் சாப்பாடு உருளைக்கிழங்கு சூப், 7.50 யூரோ. மேலே மார்ஜொரம் இலை தூவியிருந்தது. குளிருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி, லைப்சிக்

காலையில் பாஹ் அருங்காட்சியகம். தோமையார் தேவாலயத்துக்கு நேர் எதிரே, போஸே என்னும் வணிகக் குடும்பத்தின் பழைய வீட்டில் இருக்கிறது. பாஹ் குடியிருந்த தோமையார் பள்ளிக் கட்டடம் இன்று இல்லை. 1902இல் இடித்துவிட்டார்கள்.

மூலச் சுவடிகளை வைத்திருக்கும் அறையில் விளக்கு மிக மங்கல். கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. பாடகர், கருவியாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பழுப்பு மையில் எழுதிய குரல் பிரதிகள். பாஹ் இறந்தபோது அவருடைய சுவடிகள் பிள்ளைகளுக்கும் மனைவிக்குமாகப் பிரிந்தன. மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமான் கைக்குப் போனவற்றில் பல வறுமையில் விற்கப்பட்டுச் சிதறின. இரண்டாம் மனைவி அன்னா மக்டலேனா தன் பங்குக்கு வந்த கோரல் (சபையார் பாடும் லூத்தரன் பாட்டு) கண்டாட்டாக்களின் குரல் பிரதிகளைத் தோமையார் பள்ளிக்குக் கொடுத்தார். பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது, பள்ளிக் குடியிருப்பில் இன்னும் ஆறு மாதம் இருந்துகொள்ள அனுமதி. பத்தாண்டுகள் கழித்து, 1760இல், அன்னதான உதவியில் வாழ்ந்த விதவையாக இறந்தார்.

அந்தக் கண்ணாடிப் பேழை முன்னால் வெகுநேரம் நின்றேன். அவர் கொடுத்த கட்டு இன்றும் இந்த ஊரிலேயே பத்திரமாக இருக்கிறது. மகன் கைக்குப் போனவற்றில் பல போன இடம் தெரியவில்லை. செல்லோ என்னும் தந்திக்கருவிக்கான தனி இசைக்கோவைகள் ஆறும் அப்படித்தான். பாஹின் கைப்பட எழுதிய மூலம் கிடைக்கவில்லை. நாம் கேட்பது பெரிதும் அன்னா மக்டலேனா உட்கார்ந்து நகலெடுத்த பிரதியை நம்பித்தான். பதிமூன்று பிள்ளைகளைப் பெற்று, ஏழு பேரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்த ஒரு தாய் அவ்வளவு சீரான வளைவுகளில் எழுதியிருக்கிறார். இத்தனை காலம் பாஹைக் கேட்டிருக்கிறேன், அந்தக் கையை நினைத்ததில்லை. பயணத்தில் நான் தேடவேண்டியது என்னவென்று அந்த அறையில்தான் எனக்குத் தெளிவாயிற்று: இவற்றையெல்லாம் வைத்துக் காத்தவர்கள் யார்?

மதியம் மழை விட்டது. ‘லைப்சிக் வானம்பாடி’ என்று ஒரு பலகாரம், உள்ளே பாதாம் விழுது வைத்துச் சுட்டது. 3 யூரோ, கூடவே காப்பி 4.20. முன்பு நிஜ வானம்பாடிகளைப் பிடித்துச் சமைத்துத் தின்ற ஊர். 1876இல் அந்த வேட்டை தடைசெய்யப்பட்ட பிறகு பலகாரக்காரர்கள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒன்று போதும், அவ்வளவு தித்திப்பு.

தோமையார் தேவாலயத்தின் பக்கவாட்டில் மெண்டல்ஸன் சிலை. 1892இல் கெவாண்ட்ஹவுஸ் முன் நிறுவிய சிலையின் மறுவார்ப்பு, 2008இல் வைத்தது. 1829இல், இருபது வயதில், பாஹின் மத்தேயு திருப்பாடுகளை பெர்லினில் மீண்டும் மேடையேற்றியவர் மெண்டல்ஸன். அந்த இசைச்சுவடியின் நகலை அவருக்குப் பரிசாகக் கொடுத்தவர் பாட்டி பெல்லா சாலமன். பாட்டியின் சகோதரி சாரா லெவி, வில்ஹெல்ம் ஃப்ரீடமானிடமே இசை பயின்றவர். பாஹ் குடும்பச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். ஒரு யூதக் குடும்பத்தின் இரண்டு பெண்கள் லூத்தரன் தேவாலய இசையைப் பொன்போலப் பொத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளையின் சிலையை 1936 நவம்பரில், நகர மேயர் கார்ல் கோர்டலர் வெளியூர் போயிருந்த வேளையில், நாஜிகள் அகற்றினார்கள். திரும்பி வந்த கோர்டலர் சிலையை மறுபடி வைக்கச் சொன்னார். நடக்கவில்லை. பதவியை விட்டு வெளியேறினார். பின்னாளில் ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கேற்றதற்காக 1945 பிப்ரவரி 2 அன்று தூக்கிலிடப்பட்டார்.

மாலை ஆறு மணிக்கு அதே தேவாலயத்தில் மோட்டெட் வழிபாடு, பாடற்குழு இசைக்கும் வழிபாடு. சில யூரோவுக்கு நிகழ்ச்சித் தாளை வாங்கினால் அதுவே நுழைவுச்சீட்டு. பள்ளி விடுமுறை என்பதால் தோமையார் சிறுவர் குழு அன்று பாடவில்லை. வெளியூர்க் குழு ஒன்று பாடியது. ஒரு கணம் மனம் சோர்ந்தது உண்மை. ஆனால் குழு நிற்பது பின்பக்க மாடத்தில். யார் பாடுகிறார்கள் என்று பார்க்க முடியாது, குரல்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்து கூரையில் பட்டு இறங்குகின்றன. பீடத்தின் முன் தரையில் வெண்கலப் பலகை. பாஹின் எலும்புகள் 1950 முதல் அங்கே இருக்கின்றன. நடுவில் சபையாரும் எழுந்து ஒரு கோரல் பாட வேண்டும். பக்கத்தில் இருந்த முதியவர் என் தாளில் எந்த வரி என்று விரலால் தொட்டுக் காட்டினார்; ஒவ்வொரு அடி முடிவிலும் தலையை லேசாக அசைத்து அடுத்த வரிக்கு அழைத்துப் போனார். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. இங்கே தட்டுவதில்லை. அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அக்டோபர் 11, சனி, லைப்சிக், வைமார்

காலையில் மெண்டல்ஸன் கடைசியாக வாழ்ந்த வீடு. மரப்படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கின்றன. 1847 நவம்பர் 4 அன்று இங்கேதான் இறந்தார், வயது 38. ஸ்விட்சர்லாந்து மலைகளை அவர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்கள் ஓர் அறையில் இருக்கின்றன. மனிதருக்குச் சும்மா உட்காரவே தெரியாது போலும்.

அங்கிருந்து பழைய அச்சகத் தெருக்கள் வழியாக நடந்தேன். ஒரு காலத்தில் ஜெர்மனியின் புத்தகங்களும் இசைநூல்களும் பெரும்பகுதி இந்தப் பேட்டையில்தான் அச்சாயின. 1943 டிசம்பர் 4 குண்டுவீச்சில் பெரும்பாலும் எரிந்துபோயிற்று. சி. எஃப். பீட்டர்ஸ் இசைப் பதிப்பகம் இயங்கிய கட்டடம் மட்டும் தால் தெருவில் நிற்கிறது. அதன் உரிமையாளர், யூதரான ஹென்றி ஹின்ரிக்சன், பல்கலைக்கழகத்துக்கு இசைக்கருவிகள் அருங்காட்சியகம் கிடைக்கப் பெரும்பணம் கொடுத்தவர். 1938க்குப் பின் நாஜிகள் பதிப்பகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1942இல் அவரை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொன்றார்கள்.

மதியம் வைமார் ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. ஆண்டுதோறும் அக்டோபர் இரண்டாம் வாரக் கடைசியில் நடக்கும் வெங்காயச் சந்தை! 1653 முதல் நடக்கிறதாம். வெங்காயத்தைக் காய்ந்த பூக்களோடு சடையாகப் பின்னித் தொங்கவிட்டிருக்கிறார்கள், தெருவெல்லாம் அந்த வாசம். வைமாரில் எங்கும் அறை கிடைக்காததால் ஏர்ஃபுர்ட்டில்தான் படுக்கை. அகன்ற தட்டத்தில் சுட்ட வெங்காய அப்பம் ஒரு துண்டு 4 யூரோ, பாதி புளித்த புதுத் திராட்சைமது ஒரு கோப்பை 4.50. நெஞ்சு கரிக்கும் என்று ஒரு வயதான தம்பதி எச்சரித்தார்கள். நெடுக்குப் பலகையில் எனக்காகத் தள்ளி உட்கார்ந்து, தங்கள் தட்டிலிருந்து சீரகம் போட்ட ரொட்டியையும் நகர்த்தி வைத்தார்கள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் ஒரு மணி நேரம் பேசினோம், பெரும்பாலும் கைகளால்.

அக்டோபர் 12, ஞாயிறு, வைமார்

அன்னா அமாலியா நூலகம். காலணிக்கு மேல் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு வழுக்கி வழுக்கி நடக்க வேண்டும். வெள்ளையும் பொன்னுமான நீள்வட்ட மண்டபம். மாடங்களில் புத்தக முதுகுகள், இடையிடையே மார்பளவுச் சிலைகள். ஜெர்மானியக் கவிஞர் கேத்தே இந்த நூலகத்தை 1797 முதல் 1832இல் இறக்கும்வரை மேற்பார்த்தார்.

2004 செப்டம்பர் 2 மாலை மேல்தளத்தில் தீப்பிடித்தது. நூல்களைப் புதிய கிடங்குக்கு மாற்றச் சில வாரங்களே மிச்சம். ஊழியர்களும் ஊர்க்காரர்களும் தெருவரை சங்கிலியாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களை வெளியே கொண்டுவந்தார்கள். நூலக இயக்குநர் மிஹாயேல் க்னோஹே உள்ளே போய் 1534ஆம் ஆண்டு லூத்தர் பைபிளைத் தூக்கி வந்தார். 50,000 நூல்கள் சாம்பலாயின. 62,000 நூல்கள் தீயிலும் தண்ணீரிலும் சேதமாயின. கோமகள் அன்னா அமாலியா தேடிச் சேர்த்த இசைச்சுவடிகளில் பெரும்பகுதி போயிற்று. நனைந்தவற்றை அன்றிரவே லைப்சிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார்கள். பூஞ்சை பிடிக்காமல் உறையவைத்து, பிறகு பனிக்கட்டி நீராகாமல் நேரே ஆவியாகும்படி வெற்றிடத்தில் உலர்த்தினார்கள். கரிந்த ஏடுகளைத் தாள் தாளாகச் சீராக்கும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்தது. ஓரம் கறுத்துச் சுருண்ட ஓர் இசைத்தாளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஓரம் கருகியிருந்தாலும் நடுவில் இருந்த சுரங்களைப் படிக்க முடிந்தது.

வெளியே வறுத்த தூரிங்கன் தொத்திறைச்சி, கடுகுச் சாந்து தடவி, 4 யூரோ. அதைத் தின்றுவிட்டு ஆறாம் எண் பேருந்தில் ஏறினேன். புகன்வால்ட், நாஜிகளின் வதைமுகாம் இருந்த இடம்.

வைமாரிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. கேத்தே உலாவிய அதே எட்டர்ஸ்பெர்க் குன்று. மேலே போனதும் காற்று முகத்தை அறுக்கிறது. இவ்வளவு உடுத்தியும் எனக்கு நடுக்கம். 1937 முதல் 1945 வரை இங்கே ஏறத்தாழ 56,000 பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது மாண்டார்கள். ‘அவரவர்க்கு உரியது அவரவர்க்கு’ என்னும் இரும்பு எழுத்துகள் வாசல் கதவில் உள்ளே இருப்பவர் படிக்கும்படி இருக்கின்றன. அந்த எழுத்தை வடிவமைத்தவர் கைதியாக இருந்த ஃப்ரான்ஸ் எர்லிஷ், பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளியின் மாணவர். கைதிகள் ‘கேத்தேயின் கருவாலி’ என்று அழைத்த மரத்தின் அடிக்கட்டை மட்டும் தரையோடு தரையாகக் கிடக்கிறது. இந்த முகாமிலும் கைதிகளுக்கென ஒரு நூலகம் இருந்தது. இங்கே அடைபட்டிருந்த ஸ்பானிய எழுத்தாளர் ஹோர்ஹே செம்ப்ருன் அதிலிருந்து எடுத்துப் படித்ததைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். பட்டினியோடு ஒருவர் தத்துவ நூல் கேட்டு வரிசையில் நின்ற இடம் இது. நுழைவாயில் கடிகாரம் 3:15இல் நிற்கிறது, 1945 ஏப்ரல் 11 பிற்பகல் விடுதலை வந்த நேரம்.

திரும்பும் பேருந்தில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள், யாரும் பேசவில்லை.

இரவு ஏர்ஃபுர்ட்டில் காய்ச்சல். ஞாயிறு எல்லாக் கடையும் அடைப்பு. முறைப்பணி மருந்துக்கடை ஒன்று மட்டும் திறந்திருந்தது. கதவு திறக்காது, சிறு சாளரம் வழியாகத்தான் பேச வேண்டும். மாத்திரை விலையோடு 2.50 யூரோ நேரங்கெட்ட நேரக் கட்டணம். உள்ளே இருந்த பெண் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "ஒன்று இப்போதே போடுங்கள்" என்று காகிதக் கோப்பையில் வெந்நீரும் நீட்டினார்.

அக்டோபர் 13, திங்கள், வழியில்

காலை ரயில் ரத்து. அடுத்தது நாற்பது நிமிடம் தாமதம், டிரெஸ்டனில் பிராக் இணைப்பு கண்ணெதிரே போயிற்று. இரண்டு மணி நேரம் நடைமேடையில் காத்திருக்க வேண்டியிருந்தது. காய்ச்சல் விட்டும் விடாமலும் இருந்தது. எதிர் இருக்கைப் பாட்டி ஒருவர் என்னை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, பையிலிருந்து இஞ்சித் தேநீர்க் குடுவையை எடுத்து மூடியில் ஊற்றித் தந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஜெர்மன் அரைகுறை. மூன்று மூடி குடித்தேன்.

எல்பே ஆற்றை ஒட்டிய பாதை அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். பனிமூட்டத்தில் பாறைகளின் அடிப்பகுதி மட்டும் தெரிந்தது. அதற்குப் பதில் செக் எழுத்தாளர் யிர்ஷி வைலின் நாவலை முடித்தேன். ‘மெண்டல்ஸன் கூரைமேல் இருக்கிறார்’, அவர் இறந்த பின் 1960இல் வெளிவந்தது. பிராகின் ருடால்ஃபினும் அரங்கக் கூரையில் இசைமேதைகளின் சிலைகள். அதில் யூதரான மெண்டல்ஸனை மட்டும் இறக்கும்படி நாஜி உத்தரவு. எந்தச் சிலை யாருடையது என்று பணியாட்களுக்குத் தெரியாது. மூக்கு பெரிதாக இருப்பதைத் தள்ளுங்கள் என்கிறான் அதிகாரி. கயிறு கட்டி இழுக்கப் போனால் அது நாஜிகள் போற்றிய வாக்னர். லைப்சிக் சிலையின் கதை தெரிந்துகொண்டு இதைப் படிக்கும்போது முதல் பக்கங்களிலேயே அடிவயிறு இறுகிவிடுகிறது. பிறகு நாவல், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த டெரெசீனை நோக்கிப் போகிறது. நானும்தான்.

அக்டோபர் 14, 15, பிராக்

பெரும்பாலும் படுக்கை. செக் கொருனாவுக்கு மனக்கணக்கு பழக ஒரு நாள் ஆயிற்று. பூண்டு சூப் 85 கொருனா, காய்ச்சலுக்கு அமிர்தம். இரண்டாம் நாள் மாட்டிறைச்சிக் குழம்போடு மாவு உருண்டைத் துண்டுகள், 245. பரிமாறியவர் முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனால் நான் இருமுவதைக் கேட்டுக் கதவோரத்திலிருந்து அடுப்படி ஓர மேசைக்கு, கேளாமலே, என் தட்டை மாற்றி வைத்தார்.

மாலை ருடால்ஃபினும்வரை நடந்தேன். கூரை விளிம்பில் சிலைகள் வரிசையாக நிற்கின்றன, மெண்டல்ஸனும் அவர்களோடு. 1896 ஜனவரி 4 அன்று செக் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவின் முதல் கச்சேரியை இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் இங்கே நடத்தினார்.

அக்டோபர் 16, வியாழன், டெரெசீன்

பிராகின் ஹோலெஷோவிட்சே நிலையத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்து. ஓட்டுநர் சில்லறை கேட்டுச் சிடுசிடுத்தார். பின்னால் நின்ற பள்ளி மாணவி எனக்கும் சேர்த்துச் சில்லறை கொடுத்துவிட்டு, நோட்டை வாங்க மறுத்துப் பின் இருக்கைக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் யோசேப்பு 1780இல் கட்டத் தொடங்கித் தன் தாய் மரியா தெரேசாவின் பெயரை இட்ட கோட்டை நகரம். நேர்க்கோட்டுத் தெருக்கள், மஞ்சள் பாளையக் கட்டடங்கள். இன்று ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழ்கிறார்கள். 1942 செப்டம்பரில் இதே தெருக்களுக்குள் 58,000க்கும் மேற்பட்டோரை அடைத்து வைத்திருந்தார்கள். போர் முடிவதற்குள் இங்கேயே சுமார் 33,000 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 88,000 பேர் கிழக்கே கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

மாக்டபூர்க் பாளையத்தில் இசைக்கும் எழுத்துக்கும் தனித்தனி அறைகள். கைதியாக இருந்த இசை நடத்துநர் ரஃபாயேல் ஷெக்டர் ஒரே ஒரு இசைநூலை வைத்துக்கொண்டு, நிலவறையில், வெர்டியின் இரங்கற்பாவை நூற்றைம்பது பேருக்கு வாய்ப்பாடமாகவே கற்பித்தார். பாடகர்களை ரயில் ஏற்றிவிடுவார்கள். மீண்டும் ஆள் சேர்த்து, மீண்டும் முதலிலிருந்து. ஹான்ஸ் க்ராஸாவின் சிறுவர் இசை நாடகம் ‘ப்ருண்டிபார்’ இங்கே 55 முறை நடந்தது. 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது அதையும் காட்டினார்கள். தெருக்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூச்செடி நட்டு, வந்தவர்களை நம்பவைத்து அனுப்பினார்கள்.

இதெல்லாம் ஓரளவு தெரிந்து வந்தேன். தெரியாமல் வந்தது எமில் ஊட்டிட்ஸ் என்ற பெயர்.

ஊட்டிட்ஸ் தத்துவப் பேராசிரியர், பள்ளியில் எழுத்தாளர் காஃப்காவின் வகுப்புத் தோழர். டெரெசீன் கெட்டோவின் (யூதர்களை அடைத்த பகுதி) நூலகத்துக்கு அவர்தான் தலைவர். இசையமைப்பாளர் விக்டர் உல்மான் இங்கே இரண்டே ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். ‘கேத்தேயும் கெட்டோவும்’ என்று ஒரு சிறு கட்டுரையும் உண்டு. பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டு மட்டும் நாங்கள் இருக்கவில்லை, வாழ வேண்டும் என்ற விருப்பம் எவ்வளவோ அவ்வளவு கலையிலும் முனைந்தோம் என்கிறார் அதில். புகன்வால்டில் அந்த அடிக்கட்டையைப் பார்த்து, கேத்தேயின் பெயரையே கேட்கப் பிடிக்காமல் திரும்பியிருந்தேன். உல்மான் அதே பெயரைத் தனக்கு உரியதாகவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வரிகளுக்கு முன்னால் நின்று இரண்டாம் முறை படித்தபோது, எனக்குள் கசந்துகிடந்த ஏதோ ஒன்று இளகியது.

உல்மானின் இசை நாடகம் ‘அட்லாண்டிஸின் பேரரசன்’. எல்லோர்மீதும் போர் தொடுக்கும் அரசனின் கீழ் வேலை செய்ய மாட்டேன் என்று மரணமே வேலைநிறுத்தம் செய்கிறது; யாராலும் சாக முடியவில்லை. கடைசியில் மரணத்தை வரவேற்றுப் பாடும் கோரலின் மெட்டு லூத்தருடையது. ‘நம் தேவன் வல்ல கோட்டை’ என்னும் அந்த மெட்டை வைத்துத்தான் பாஹும் லைப்சிக்கில் ஒரு கண்டாட்டா செய்தார். 1944இல் ஒத்திகைவரை வந்த நாடகம் அங்கே மேடையேறவே இல்லை.

அக்டோபர் 16, 1944. இசையமைப்பாளர்கள் உல்மான், க்ராஸா, பாவெல் ஹாஸ், கிதியோன் க்ளைன், நடத்துநர்கள் ஷெக்டர், கரெல் அன்ச்செர்ல் அனைவரும் ஒரே ரயிலில் ஆஷ்விட்ஸுக்கு ஏற்றப்பட்டார்கள். போவதற்கு முன் உல்மான் தன் சுவடிகளை நூலகர் ஊட்டிட்ஸிடம் ஒப்படைத்தார். ஊட்டிட்ஸ் பிழைத்தார், சுவடிகளை எச். ஜி. ஆட்லரிடம் சேர்த்தார். முகாம்களில் மனைவியையும் பெற்றோரையும் இழந்து திரும்பியிருந்த ஆட்லர், டெரெசீனைப் பற்றிப் பெரிய ஆய்வு நூல் எழுதியவர். பிறகு இங்கிலாந்துக்குப் போனபோதும் அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தார். 1975 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் ‘அட்லாண்டிஸின் பேரரசன்’ முதன்முறை மேடையேறியது. ரயிலில் போன அந்த ஆறு பேரில் அன்ச்செர்ல் மட்டும் திரும்பி வந்தார். 1950 முதல் 1968 வரை செக் ஃபில்ஹார்மானிக்கை நடத்தினார். நேற்று நான் அண்ணாந்து பார்த்து நின்ற அதே ருடால்ஃபினுமில்.

இன்றும் அக்டோபர் 16தான். தண்டவாளம் தெருவோடு முடிகிற இடத்தில் சிலர் சிறு கற்களை வைத்துவிட்டுப் போனார்கள். நானும் ஒன்று வைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி, பிராக்

பின்காஸ் யூத ஜெப ஆலயச் சுவர்களில், கொல்லப்பட்ட யூதர்களுக்காகக் கையால் எழுதிய சுமார் 78,000 பெயர்கள். குடும்பப் பெயர் சிவப்பில், பிறந்த நாளும் கடைசித் தகவல் கிடைத்த நாளும் கறுப்பில். மாடியில் டெரெசீன் குழந்தைகள் வரைந்த படங்கள். அவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த ஃப்ரீடல் டிக்கர்-ப்ராண்டைஸ், வைமாரில் பௌஹவுஸ் தொடங்கிய ஆண்டே அங்கே போய்ப் படித்தவர். ஏறத்தாழ 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் பிழைத்தன. ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயரை எழுதவைத்திருந்ததால் யார் வரைந்தது என்று இன்றும் தெரிகிறது.

பிற்பகல் வெயில் வந்தது, இந்தப் பயணத்திலேயே முதல் முழு வெயில். பழைய இசைநூல் கடை ஒன்றில் கிதியோன் க்ளைனின் மூவர் இசைநூலைக் கேட்டேன். வயலின், வயோலா, செல்லோ மூன்றுக்குமானது. கடைக்காரர் எழுபது தாண்டியவர். ஏணியில் ஏறி எடுத்துத் தந்தார், 190 கொருனா. "வாசிப்பீர்களா?" என்றார். கேட்டுக்கொண்டே பக்கம் புரட்ட மட்டும் தெரியும் என்றேன். பென்சிலை எடுத்து, இரண்டாம் பகுதியில் மொராவிய நாட்டுப்பாடல் எங்கே தொடங்குகிறது, எந்தெந்த இடத்தில் வேறு கருவிக்கு மாறுகிறது என்று மெல்லிய புள்ளிகள் வைத்துக் கொடுத்தார். பில் போட்ட பிறகும் விடவில்லை. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, செல்லோ தனியாகப் பேசும் இடத்தில் என் தோளைத் தொட்டார்.

க்ளைன் இதை முடித்தது 1944 அக்டோபர் 7. ஒன்பது நாள் கழித்து அந்த ரயில். வயது இருபத்துநான்கு. கேட்க விரும்புகிறவர்கள் முதலில் கடைசிப் பகுதியைக் கேளுங்கள், சில நிமிடங்கள்தான். துள்ளி ஓடும், இளமைத் திமிர் நிறைந்த இசை. அதைக் கேட்ட பிறகு நடுப்பகுதிக்கு வாருங்கள். கடைக்காரர் சொன்ன வரிசை இது, நான் இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி.